கலை, மரபு, பழங்கட்டடப் பாதுகாப்புக்கு அரசு நிதியுதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் கலைக்குழு நடத்துபவர்கள், கோயில் திருப்பணிக் குழுவினர், பழைய வீடோ ஓலைச்சுவடியோ கையில் வைத்திருப்பவர்கள் ஆகியோருக்காக எழுதியது. திட்டத் தொகைகள் அரசாணைக்கு அரசாணை மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் உள்ள தொகையே செல்லும்.

அரசு உதவி என்றால் எந்த அலுவலகம்?

எதற்குப் பணம் வேண்டும் என்பதைப் பொறுத்தது. நாட்டுப்புறக் கலைஞர் என்றால் கலை பண்பாட்டுத் துறை. அதன் மண்டல மையங்கள் காஞ்சிபுரம், சேலம், கோயம்புத்தூர், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ளன. இசை, நாட்டியம், நாடகம் என்றால் சென்னையிலுள்ள தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம். கோயில் என்றால் இந்து சமய அறநிலையத் துறையின் உதவி ஆணையர் அலுவலகம். குழுவாகப் பெரிய தயாரிப்போ விழாவோ நடத்த வேண்டுமென்றால் ஒன்றிய பண்பாட்டு அமைச்சகத்தின் 'கலா சம்ஸ்கிருதி விகாஸ் யோஜனா'. பல சிறு திட்டங்களை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கும் குடைத் திட்டம் அது. எந்தச் சிறு திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறோம் என்று குறிப்பிடாமல் அனுப்பினால் மனு மேசை மேசையாக அலையும்.

நான் கரகாட்டக் கலைஞர். முதலில் எதைச் செய்ய வேண்டும்?

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்து அடையாள அட்டை வாங்குங்கள். 2007-ல் அமைந்த வாரியம் இது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, மூக்குக் கண்ணாடி, விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கு உதவி உண்டு. அட்டையைக் காலாவதியாக விட்டுவிடாதீர்கள். உதவி தேவைப்படும் நாளில் அட்டை உயிரோடு இல்லாததால் மனு தள்ளுபடியாகும்போது, அந்தக் குடும்பத்துக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை.

இசைக்கருவி, ஆடை, அணிகலன் வாங்க ஆளுக்கு 10,000 ரூபாய் வீதம் 500 கலைஞர்களுக்கு மன்றத்தின் வழியே உதவி வழங்கப்பட்டு வந்திருக்கிறது. புதுத் தவிலுக்கு இது போதாது. தோல் மாற்றவும், சலங்கை, கரகம், உடுப்பு வாங்கவும் உதவும். இதில் வரும் சிக்கல் பில்தான். தோற்கருவி செய்யும் பலரிடம் ஜிஎஸ்டி எண் இருக்காது. அவர் பெயர், முகவரி, கைப்பேசி எண், கையெழுத்து எல்லாம் உள்ள ரசீதை ஏற்பார்களா என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து, அந்தப் பரிமாற்ற எண்ணை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

வயதான, வருமானம் இல்லாத கலைஞர்களுக்கு?

நலிந்த நிலையில் உள்ள கலைஞர்களுக்கு மன்றம் மாதம் 3,000 ரூபாய் கொடுக்கிறது. ஒன்றிய அரசின் மூத்த கலைஞர் உதவி தனி. 60 வயது நிறைந்திருக்க வேண்டும், ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, உதவி மாதம் 6,000 ரூபாய் வரை. இரண்டிலும் மனுவைத் தூக்கி நிறுத்துவது ஆதாரக் கட்டுதான்: பழைய துண்டறிக்கை, கோயில் திருவிழா அழைப்பிதழ், வானொலி ஒப்பந்தக் கடிதம், பத்திரிகைச் செய்தி. அழைப்பிதழில் கலைஞரின் பெயர் வரும் வரியைக் கோடிட்டுக் காட்டி, ஆண்டு வரிசைப்படி அடுக்குங்கள். "நாற்பது வருஷமாக ஆடுகிறார்" என்று ஊர்த் தலைவர் எழுதிக் கொடுக்கும் கடிதத்தைவிட, 1988-ல் அச்சான ஒரு நோட்டீசுக்கு எடை அதிகம். வீட்டுப் பெண்கள் பழைய நோட்டீஸ்களைக் குப்பை என்று எரித்துவிடுவது பல கலைஞர் குடும்பங்களில் நடக்கிறது. இன்றே பெட்டியைத் திறந்து பாருங்கள்.

கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு என்ன உண்டு?

10 முதல் 14 வயதுள்ள பிள்ளைகளுக்கு சிசிஆர்டி என்னும் ஒன்றிய அரசின் பண்பாட்டுப் பயிற்சி நிறுவனத்தின் பண்பாட்டுத் திறன் உதவித்தொகை: ஆண்டுக்கு 3,600 ரூபாய். அதோடு, குருவுக்குச் செலுத்தும் கட்டணத்தில் ஆண்டுக்கு 9,000 ரூபாய் வரை திரும்பக் கிடைக்கும். பரம்பரைக் கலைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அதைக் குறிப்பிடாமல் பொதுப் பட்டியலில் விண்ணப்பிப்பது வீணான போட்டி. 18 முதல் 25 வயது வரை உள்ள இளங்கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுகள். அதற்கு மேல் ஆய்வு நல்கை: 25 முதல் 40 வயதுக்கு மாதம் 10,000, 40-க்கு மேல் மாதம் 20,000, இதுவும் இரண்டு ஆண்டுகள்.

குரு-சிஷ்ய பரம்பரை நிதி குழுவுக்கா, ஆட்களுக்கா?

ஆட்களுக்கு. குருவுக்கு மாதம் 15,000 ரூபாய், சீடர்களுக்கு வயதைப் பொறுத்து மாதம் 2,000 முதல் 10,000 வரை. ஒரு குருவுக்கு 18 சீடர்கள் வரை காட்டலாம். சீடர் பெயரில் வரும் பணம் சீடருடையது. "அரங்க வாடகைக்கு" என்று அதில் பாதியைத் திரும்ப வாங்கும் பழக்கம் சில குழுக்களில் உண்டு. அது தவறு. ஆய்வுக்கு வருபவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். வருகைப் பதிவேடு, பயிற்சி நாட்குறிப்பு, ஆண்டு நிகழ்ச்சிகளின் காணொளி மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். வெளியூரில் நிகழ்ச்சி ஆடிய நாளில் பயிற்சிப் பதிவேட்டில் எல்லோருக்கும் வருகை விழுந்திருந்தால் அந்த ஆண்டுப் புதுப்பிப்பு நின்றுவிடும்.

புதிய தெருக்கூத்துத் தயாரிப்புக்கு எவ்வளவு கேட்கலாம்?

அமைச்சகத்தின் பண்பாட்டு நிகழ்ச்சி மற்றும் தயாரிப்பு நிதியில் பொதுவாக 5 லட்சம் ரூபாய் வரை, சிறப்பு நேர்வில் 20 லட்சம் வரை. ஆனால் மொத்தச் செலவில் முக்கால் பங்குதான் அரசு தரும், அதுவும் இரண்டு தவணையாக. கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

தயாரிப்புச் செலவு 4,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரசிடம் கேட்கக்கூடியது 3,00,000. உங்கள் பங்கு 1,00,000. முதல் தவணை 75 விழுக்காடு, அதாவது 2,25,000. மீதி 75,000 நிகழ்ச்சி முடிந்து, கணக்குக் கொடுத்து, அது ஏற்கப்பட்ட பிறகுதான் வரும். ஆக, மேடை ஏறும் நாளில் உங்கள் கையில் 1,75,000 ரூபாய் இருந்தாக வேண்டும். மத்தளக்காரருக்கும் வேடம் கட்டுபவருக்கும் கடன் சொல்லி நிற்கும் குழுக்கள் பெரும்பாலும் இந்த ஒரு கழித்தலைச் செய்யாமல் இறங்கியவை. இந்தத் தொகையைப் புரட்ட வழியில்லை என்றால் 2,50,000 ரூபாய்க்குள் அடங்கும் தயாரிப்பாகச் சுருக்கிவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது.

எங்கள் குழு பதிவு செய்யப்படவில்லை. விண்ணப்பிக்க முடியுமா?

தனிநபர் உதவிகளுக்கு முடியும். குழுவுக்கான நிதிக்கு முடியாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ்ச் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிந்திருக்க வேண்டும். பதிவுக்குப் பிறகு பான் அட்டை, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, என்ஜிஓ தர்பண் என்ற, தொண்டு அமைப்புகளுக்கான அரசுத் தளத்தில் எண், தணிக்கை செய்த கணக்குகள். பதிந்த கையோடு நிதி கேட்க முடியாது. சில ஆண்டு வேலையும் கணக்கும் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் பதிவை இப்போதே முடித்துவிடுங்கள்.

பதிந்துவிட்டுத் தூங்கிவிடுவது இன்னொரு சிக்கல். ஆண்டு அறிக்கையும் நிர்வாகிகள் மாறிய விவரமும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கலாகியிருக்க வேண்டும். இறந்துபோன செயலாளர் பெயரே பதிவேட்டில் தொடர்ந்தால், புதிய செயலாளர் போட்ட கையெழுத்து செல்லாது.

நல்ல திட்டமாக இருந்தும் விண்ணப்பம் ஏன் திரும்புகிறது?

பெரும்பாலும் எழுத்து வேறுபாட்டால். ஆதாரில் 'மு. செல்வராசு', வங்கியில் 'செல்வராஜ் எம்', தர்பணில் வேறொன்று என்றால் பணப் பரிமாற்றம் விழாது. அடுத்தது, துணைச் சட்டவிதியில் கலை, பண்பாடு என்ற நோக்கமே இல்லாத சங்கம். விளையாட்டு மன்றமாகப் பதிந்துவிட்டுக் கூத்து நடத்தப் பணம் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். மூன்றாவது, முந்தைய நிதிக்குக் கணக்குக் கொடுக்காத பாக்கி. பத்தாண்டுக்கு முன் வாங்கிய 50,000 ரூபாய்க்குச் சான்று கொடுக்காமல் விட்டிருந்தாலும் அது இன்று வந்து நிற்கும்.

எங்கள் ஊர்க் கோயிலுக்குத் திருப்பணி நிதி கிடைக்குமா?

கிராமக் கோயில்களுக்கும் ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் உள்ள கோயில்களுக்கும் அறநிலையத் துறை தலா 1,250 கோயில் வீதம் நிதி தருகிறது. 2021-22-ல் ஒரு கோயிலுக்கு 1 லட்சமாக இருந்தது 2 லட்சமானது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான கோயில்களுக்கு 2022-23 நிதிநிலை அறிக்கையில் 100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அது துறையே தேர்ந்து செய்யும் பணி.

கிராமக் கோயிலுக்கு உதவி ஆணையரிடம் மனு கொடுக்கும்போது கோயில் நிற்கும் இடத்தின் ஆவணம், புகைப்படங்கள், மதிப்பீடு, கூட்டு வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். இடம் யாருடையது என்ற தகராறு இருந்தால் முதலில் அதை முடியுங்கள். பழமையான கோயில் என்றால் மண்டல வல்லுநர் குழு, மாநில வல்லுநர் குழு ஆகியவற்றின் ஒப்புதல் இல்லாமல் ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது. தொல்லியல் அறிந்தவர், ஸ்தபதி, ஆகமம் அறிந்தவர், கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகே பாலாலயம் (திருப்பணிக் காலத்துக்குச் சாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் சடங்கு). கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டுப் பிறகு ஒப்புதலுக்கு ஓடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. நாள் நெருங்க நெருங்க வேலை கெடும்.

சிமென்ட் வைத்தால் என்ன? சீக்கிரம் முடியுமே.

முடியும். பிறகு கோயில் ஈரத்தைக் குடித்துக்கொண்டே நிற்கும். செங்கல்லும் சுண்ணாம்பும் உள்வாங்கிய ஈரத்தை மெல்ல வெளிவிட்டு மூச்சுவிடும் கட்டுமானம் அது. மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும், உப்பு பூக்கும், பூச்சு பழைய சுதையின் மேற்பரப்பையும் பெயர்த்துக்கொண்டு பாளம் பாளமாக விழும். விழுந்த சிமென்ட் துண்டைத் திருப்பிப் பாருங்கள்: அதன் முதுகில் பழைய பொம்மையின் விரலோ ஆடை மடிப்போ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அதை எந்த நிதியாலும் திரும்பச் செய்ய முடியாது.

சுண்ணாம்பு வேலைக்கு வேண்டியது நாள். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றித் தண்ணீருக்கு அடியிலேயே சில வாரமாவது ஊறவிட வேண்டும். கடுக்காயும் வெல்லமும் தனியே பல நாள் ஊறிப் புளித்த நீரை விட்டு, மணலோடு சேர்த்து அரைத்தால்தான் கலவை வெண்ணெய் பதத்துக்கு வரும். ஒரே தடவையில் தடிமனாக அப்பாமல் மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, ஒவ்வொன்றையும் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேல்தளத்துக்குச் செங்கல் ஜல்லி 32 பங்குக்குச் சுண்ணாம்பு 12.5 பங்கு என்பது பொதுப்பணித் துறை அளவு. அதைப் பரப்பி, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள்.

இப்போது நிதியாண்டைப் பாருங்கள். மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டிய பணம் ஜனவரியில் வந்தால், சுண்ணாம்பு ஊறி முடிவதற்குள் ஆண்டு முடிந்துவிடும். ஒப்பந்தக்காரர் இரவோடு இரவாகச் சிமென்ட் கலப்பது இந்த அவசரத்தில்தான். ஆகவே மனுவிலேயே மாத வாரியாக வேலை அட்டவணை கொடுங்கள். பணியை இரண்டு நிதியாண்டாகப் பிரித்து, முதலாண்டில் ஆவணப்படுத்தல், சுண்ணாம்பு கொள்முதல், நீற்றுத் தொட்டி, சாரம் ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். நிதி வாங்குவதில் நாங்கள் சொல்லக்கூடிய ஒரே பெரிய அறிவுரை இதுதான்: பணத்தின் காலத்தையும் வேலையின் காலத்தையும் விண்ணப்பத்திலேயே பொருத்திவிடுங்கள்.

திருப்பணியில் கண்டிப்பாகச் செய்யக்கூடாதவை?

மணல் வீச்சு, அதாவது மணலை அழுத்தத்தோடு பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்வது. அறநிலையத் துறை தடை செய்தது. உளி பட்ட கல்லின் தோலை உரித்துவிடும், கல்வெட்டு எழுத்து மழுங்கிப்போகும். எண்ணெய்ப் பிசுக்குக்கு மென்தூரிகையும் வாட்டர் வாஷும் போதும், அதுவும் வல்லுநர் பார்வையில். கல்லின் மேல் எனாமல் பெயின்ட் கூடாது. தரையை உயர்த்திக் கிரானைட் போடாதீர்கள்: அதிட்டானம் எனப்படும் அடிப்பீடத்தின் கீழடுக்குகளான உபானமும் ஜகதியும் புதைந்து, அதில் உள்ள கல்வெட்டின் கீழ்வரிகள் மண்ணுக்குள் போகும், மழைநீர் கருவறைப் பக்கம் திரும்பும். கோபுரத்தில் முளைத்த அரசமரத்தைப் பிடுங்கினால் வேர் செங்கல்லோடு வரும். தண்டை வெட்டி, வேரை இருந்த இடத்திலேயே மருந்திட்டுச் சாகவிட்டு, பிறகு இடைவெளியைச் சுண்ணாம்பால் நிரப்ப வேண்டும்.

கற்களைப் பிரிப்பதானால் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, வரைபடத்தில் அதே எண்ணைக் குறித்து, கல்வெட்டுக்கு மைப்படி (மை ஒற்றிக் காகிதத்தில் எடுக்கும் பிரதி) எடுத்த பிறகே பிரிக்கலாம். இந்தச் செலவை மதிப்பீட்டில் தனி இனமாகக் காட்டுங்கள். காட்டாவிட்டால் அதைச் செய்யப் பணம் இருக்காது, யாரும் செய்யவும் மாட்டார்கள்.

மதிப்பீட்டில் சுண்ணாம்பு வேலைக்கு விலை எப்படிப் போடுவது?

வழக்கமான கட்டுமான விலைப்பட்டியலை அப்படியே எடுத்தால் ஆள்கூலி குறைவாக விழும். சுண்ணாம்பு அரைப்பவர், சுதை வேலைக்காரர், சித்தாள் எத்தனை நாள் என்று தனி விலைப் பகுப்பாய்வு எழுதி, ஒரு சதுர மீட்டர் மாதிரிப் பூச்சுச் செய்து பார்த்த அளவை இணைக்கலாம். "இதர வேலைகள் 1,50,000" என்ற ஒற்றை வரி உள்ள மதிப்பீட்டை எந்த அதிகாரியும் திருப்பித்தான் அனுப்புவார்.

தொல்லியல் துறைச் சின்னத்துக்குப் பக்கத்தில் எங்கள் கட்டடம். பழுது பார்க்கலாமா?

1958-ஆம் ஆண்டுப் பழஞ்சின்னங்கள் சட்டமும் அதன் 2010-ஆம் ஆண்டுத் திருத்தமும் பொருந்தும். ஒன்றிய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்கும் இதுதான். பழுதுபார்ப்புக்கும் முன் அனுமதி வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் நிதி மனு கொடுக்காதீர்கள்.

எங்கள் பாட்டனார் கட்டிய வீட்டைக் காப்பாற்ற மானியம் உண்டா?

தனியார் வீட்டுக்கு நேரடி மானியம் அரிது. நடக்கக்கூடியது என்பதற்குப் புதுச்சேரி வைசியாள் வீதி சான்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், மரபுப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பின் துணையோடு, திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட தமிழ் வீடுகளின் முகப்புகள் மீட்கப்பட்டன. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. தனி வீடாகக் கேட்காமல் தெருவாகச் சேர்ந்து கேட்டால் காது கொடுப்பார்கள். ஒருவர் மட்டும் திண்ணையை இடித்து ஷட்டர் போட்டுவிட்டால் தெருவின் வழக்கே பலவீனமாகிவிடும்.

வீட்டில் ஓலைச்சுவடிகள் உள்ளன. யாரிடம் கொடுப்பது?

கொடுக்க வேண்டியதில்லை. படமெடுக்க அனுமதித்துவிட்டுச் சுவடியை நீங்களே வைத்துக்கொள்ளலாம். 2003-ல் தொடங்கிய தேசியச் சுவடி இயக்கம் இப்போது ஞான பாரதம் என்ற பெயரில் நடக்கிறது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் தஞ்சை சரசுவதி மகாலும் வழிகாட்டும். 75 ஆண்டு கடந்த சுவடி வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடியதல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும்.

அதுவரை உலர்ந்த மென்தூரிகையால் தூசு தட்டுங்கள். செல்லோ டேப், லேமினேஷன், வெயிலில் காயவைத்தல் மூன்றும் வேண்டாம். ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரிக்க முயலாதீர்கள். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, இலவங்கப்பட்டை இடித்துக் கற்பூரம் சேர்த்த துணிப் பொட்டலத்தைப் பெட்டியில் வைப்பது தஞ்சையில் நெடுநாள் வழக்கம். கட்டின் வரிசையைக் கலைக்கும் முன் படமெடுத்துவிடுங்கள்.

அரசு தரும் பணம் போதவில்லை. வெளியில் வாங்கலாமா?

வாங்கலாம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மரபு, கலை, பண்பாட்டுப் பாதுகாப்பு இருக்கிறது, எனவே நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியான சிஎஸ்ஆர் பணம் கேட்கலாம். அதற்கு உங்கள் அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். 1996-ல் அமைந்த தேசியப் பண்பாட்டு நிதியம் வழியாகக் கொடுப்பவருக்கு முழு வரிவிலக்கு உண்டு.

வெளிநாட்டுத் தமிழர் பணத்தில் கவனம் தேவை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே கொடுத்தால் சிக்கல் இல்லை. கனடா, சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர்) அட்டை வைத்திருந்தாலும் சட்டப்படி வெளிநாட்டு மூலம்தான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-யின் கீழ்ப் பதிவும், புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கும் இல்லாமல் அவரிடம் ஆயிரம் ரூபாய் வாங்கினாலும் குற்றம்.

பயன்பாட்டுச் சான்றிதழ் எப்படிக் கொடுப்பது?

வாங்கிய நிதியைக் கொடுத்த நோக்கத்துக்கே செலவழித்தோம் என்று காட்டும் சான்று இது. ஒன்றிய நிதிக்கு ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவம். நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் என்பது பொதுவிதி, அனுமதி ஆணையில் குறைந்த கெடு இருந்தால் அதுவே செல்லும். பட்டயக் கணக்காளர் கையெழுத்தோடு, அந்த ஆவணத்துக்கென்று அவர் எடுத்துத் தரும் 18 இலக்க யூடிஐஎன் எண் வேண்டும். ஆணை எண், நாள், தொகை மூன்றையும் ஆணையில் உள்ளபடியே எழுதுங்கள். கலைஞர்களுக்கு ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியே கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

பலரும் மறப்பது வட்டி. நிதி உங்கள் சேமிப்புக் கணக்கில் கிடந்த நாளுக்குச் சேர்ந்த வட்டியும் அரசுடையது, திருப்பிச் செலுத்த வேண்டும். 412 ரூபாய் வட்டியைக் காட்டாததற்காக 75,000 ரூபாய்த் தவணை நிற்கலாம். நிதிக்கென்று தனிக் கணக்கு திறந்தால் இது எளிது. அந்தப் பணத்தில் வாங்கிய ஒலிபெருக்கி, விளக்கு, ஆர்மோனியம் ஆகியவற்றைச் சொத்துப் பதிவேட்டில் எழுதி, பொருளின் மேலேயே எண் ஒட்டுங்கள். அரசின் அனுமதி இல்லாமல் அவற்றை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. குழு கலைந்தாலும் பதிவேட்டை யாரிடம் ஒப்படைத்தோம் என்று கையெழுத்து வாங்கி வையுங்கள்.